பென்சிலால் எழுதிய நவம்பர்

ஒரு பெண்ணைப் பற்றிப் பொய் எழுதி அதை அச்சுக்கும் அனுப்பிவிட்டேன். அவள் இறந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது, எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. அந்தப் பொய்யைப் பிடித்தவர் பேராசிரியரும் இல்லை, விமர்சகரும் இல்லை. மழைக்காலத்தில் வேலையில்லாமல் என் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ராத்தா. அவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் "விசர்க் கதை கதைக்காத" என்று ஏசுவார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து ஊரோடு விரட்டப்பட்டு வந்தபோது எனக்கு எட்டு வயது. புத்தளத்துக் கரைத்தீவில் வளர்ந்தேன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் நான் கேட்டது ஆங்கிலம். அங்கே இடம் நிரம்பிவிட்டது. பிரெஞ்சு வகுப்பில் மூன்று பேர்தான் இருந்தார்கள், என்னைச் சேர்த்து நாலாக்கினார்கள். அந்த மொழியின் மேல் சிறுவயதிலிருந்தே எனக்குத் தீராத காதல் என்று பேட்டிகளில் சொல்வதெல்லாம் பின்னால் ஒட்டவைத்த கதை. ஆனால் சேர்த்துவிட்டவர்களை நினைத்து இன்றும் மனம் நிறைகிறது. ஆங்கிலத்தில் இடம் கிடைத்திருந்தால் ஏதாவது ஒரு கந்தோரில் கடிதம் தட்டச்சுச் செய்துகொண்டிருப்பேன்.

சம்பளத்துக்குக் கற்பிட்டியில் ஒரு ஹோட்டலில் வேலை. கடலில் பட்டம் கட்டிக்கொண்டு சறுக்க வரும் பிரெஞ்சுக்காரருக்கு அறைச் சாவி கொடுப்பதும், மீன் கறியில் எவ்வளவு கொச்சிக்காய் போடலாம் என்று குசினிக்குச் சொல்லி அனுப்புவதும் என் பொறுப்பு. மதியத்தோடு வேலை முடியும். வீட்டுக்கு வந்து லுஹர் தொழுதுவிட்டு மேசைக்குப் போனால் மாலைவரை மொழிபெயர்ப்பு. இருபது வருஷமாக இப்படித்தான்.

எழுதியதை யாருக்காவது சத்தமாக வாசித்துக் காட்டாமல் நான் அனுப்புவதில்லை. கேட்பவர் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கம் திரும்ப எழுதப்படும். முதலில் உம்மா கேட்டார். உம்மாவுக்குப் பிறகு ராத்தா. ராத்தா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. அவரும் எங்களைப் போல மன்னாரிலிருந்து வந்தவர், வயது அறுபதை நெருங்குகிறது. உப்பளத்தில் வேலை செய்கிறார். மழை தொடங்கிப் பாத்திகளில் தண்ணீர் நின்றுவிட்டால் அவருக்கு வேலை இல்லை. அப்போது பருப்புச் சுளகைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார். பருப்பில் கல் பொறுக்குவதுபோல என் எழுத்திலும் பொறுக்குவார்.

அவருக்கு இலக்கியத்தின் மேல் ஒரு மரியாதையும் கிடையாது. நாவலில் வருபவர்களைப் பக்கத்துத் தெருக்காரர்களாகத்தான் நினைப்பார். "இவ ஏன் இவனுக்கு இவ்வளவு இடம் குடுக்கிறா?" என்று கதாநாயகியை ஏசுவார். ஒருமுறை பாரிஸ் பிரபு ஒருவன் மூன்று பக்கத்துக்குத் தன் துயரத்தைச் சொன்னபோது, "அவருக்கு வேல வெட்டி இல்லயா?" என்று கேட்டார். அந்த மூன்று பக்கத்தை மூலத்துக்குத் துரோகம் செய்யாமல் எப்படி இறுக்குவது என்று ஒரு கிழமை, ஏழு நாளும் மண்டையைப் போட்டு உடைத்தேன். இப்போது அந்தப் புத்தகத்தில் வாசகர்கள் மெச்சும் இடம் அதுதான்.

இனி அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அவள் பிரான்ஸின் மேற்குக் கரையில் ஓர் உப்பளக் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர். அவளுடைய இரண்டு நாவல்களை நான் தமிழுக்குக் கொண்டுவந்தேன். சென்னைப் பதிப்பாளர் முன்னுரையாக ஒரு சின்ன வாழ்க்கைக் குறிப்புக் கேட்டார். ஆசை யாரை விட்டது, அது வளர்ந்து தனிப் புத்தகமாகிவிட்டது. அதற்காகவே மொழிபெயர்ப்பாளர்களைத் தங்கவைக்கும் ஒரு வீட்டில் மூன்று மாதம் இடம் கேட்டு வாங்கிப் பிரான்ஸுக்குப் போனேன்.

அவளுடைய ஒரே மகன் அதே கிராமத்தில் இருந்தார். எண்பது கடந்தவர், தனியாள். என்னைக் கதிரையில் உட்காரவைத்து, பிஸ்கட் தகரம் ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அதற்குள் அவருடைய தாய் பாரிஸ் நண்பி ஒருத்திக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. தாய் இறந்த பிறகு அந்த நண்பி திருப்பி அனுப்பியவை. "எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவளைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்ற கட்டாயமில்லை" என்றார்.

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். பத்து வயதுவரை தன்னை வளர்த்தது பாட்டிதான் என்றார். தாய் பாரிஸில் எழுதிக்கொண்டிருந்தாள், எப்போதாவது வருவாள். ஒரு நவம்பரில் பாட்டி இறந்தார். "அவள் சாவதற்குச் சில நாள் முன்னால் என் அம்மா இங்கேதான் இருந்தாள். பாட்டி இருமிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் புகையிரதம் ஏறிப் போய்விட்டாள்." கடிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். தேதி போடாத கடிதம், மேல் மூலையில் பென்சிலால் நவம்பர் என்று எழுதியிருந்தது. அது தன் கையெழுத்து என்றும் சொன்னார்.

எனக்குத் துணுக்கென்றது. பிறகு கோபம் வந்தது, அந்தக் கோபம் போகவே இல்லை. காரணம் இதுதான். நான் பிரான்ஸுக்குப் போன இரண்டாம் மாதம் இங்கே என் உம்மா மௌத்தாகிவிட்டார். காலையில் ரூஹு பிரிந்தது, பிற்பகல் அஸருக்கு முன் அடக்கம் முடிந்தது. எங்களில் மையித்தை வைத்துக் காத்திருக்கிற வழக்கமில்லை. விமானத்தில் ஏறினாலும் கபுறடியைத்தான் பார்க்கலாம். என் கூடப்பிறந்த நானா கைபேசியில் உம்மாவின் முகத்தைக் காட்டினார். நான் பார்க்கவில்லை. கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நடுவில் கடல்கள் கிடந்ததால் நான் வரவில்லை. அவளோ தாயின் பக்கத்திலேயே நின்றுகொண்டு விட்டுவிட்டுப் போனாள். அவளை எப்படி மன்னிப்பது? ஊருக்கு வந்து ஏழாம் அத்தியாயத்தை மூன்றே கிழமையில் எழுதி முடித்தேன். அவ்வளவு வேகமாக நான் எதையுமே எழுதியதில்லை. அது உப்பள வேலைக் காலம், ராத்தாவுக்கு ஓய்வில்லை; அந்த ஒரு தடவை யாருக்கும் வாசித்துக் காட்டாமலே அனுப்பிவிட்டேன். பதிப்பாளர் வாசித்துவிட்டு, "புத்தகத்தின் உயிரே இந்த அத்தியாயம்தான்" என்றார். நானும் உச்சி குளிர்ந்துபோனேன்.

பிழை திருத்தும் கடைசிப் படிகள் வந்தபோது எங்களுக்கும் நவம்பர். மழை இரண்டு கிழமையாக விடவில்லை. ராத்தா சுளகோடு வந்தார். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, பெருமையோடு ஏழாம் அத்தியாயத்தை எடுத்தேன்.

கிராமம், நவம்பர் மாதம். தாய் வரப்பில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறாள். மகள் பாத்தியில் இறங்கி, தண்ணீரின் மேல் ஆடைபோலக் கட்டும் மெல்லிய வெள்ளை உப்பைப் பலகையால் வழித்தெடுக்கிறாள். பின்னறையில் அவளுடைய மகன் தூங்குகிறான். மறுநாள் விடியும் முன்னர் அவள் போய்விடுகிறாள். சில நாளில் தாய் இறக்கிறாள். இப்படிப் போகும் அந்த அத்தியாயம். நான் குரலைத் தாழ்த்தி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தேன்.

சுளகு நின்றது.

"எந்த மாசம் எண்ட?"

"நவம்பர்."

"நவம்பர்ல உப்பு வழிச்சவவா?"

"ஓம் ராத்தா. கடிதத்திலயே இருக்கு."

"புள்ள, நான் இப்ப ஏன் உன்ட வீட்டில வந்து பருப்புப் பொறுக்கிறேன்?"

எனக்கு விளங்கவில்லை. விளங்காததை மறைக்கக் கோபம் வந்தது. "அது பிரான்ஸ். இங்கத்த மாதிரி இல்ல" என்றேன்.

"அங்க நவம்பர்ல வெயிலா?"

"இல்ல, குளிர்."

"மழ?"

"மழையும்தான்."

"அப்ப உப்பு எப்பிடிக் கட்டும்? அதுவும் மேல மிதக்கிற மெல்லிசு உப்பு. நல்ல வெயிலும் காஞ்ச காத்தும் இல்லாட்டி அது கட்டாது. ஒரு தூத்தல் விழுந்தாப் போதும், கரைஞ்சு போயிரும்."

"ராத்தா, இது இலக்கியம்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"இலக்கியத்தில மழ பெஞ்சா உப்புக் கரையாதோ?"

யன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உப்பளக்காரியின் வாழ்க்கையை எழுதப் போனவள், உப்பு விளையும் நாட்டிலேயே இருந்துகொண்டு, உப்பளத்தில் வேலை செய்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உப்பு எப்போது விளையும் என்று யோசிக்கவில்லை. இருமலைப் பார்த்தேன், புகையிரதத்தைப் பார்த்தேன். உப்பு எனக்கு வெறும் அழகான வரியாகப் போய்விட்டது. கடிதத்தின் படத்தைக் கணினியில் திறந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். நவம்பர் என்ற சொல் அந்தப் பென்சிலில் மட்டும்தான் இருந்தது. அவள் மையால் எழுதிய எந்த வரியிலும் மாதம் இல்லை.

பேசாமல் விட்டுவிடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. இல்லையென்று மறைக்கவில்லை. மூன்று நாளில் அச்சு. புத்தகத்தை வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு உப்பு விளையும் மாதம் தெரியும்? ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ராத்தா விடவில்லை. "அவட மகன் உசிரோட இருக்கிறாரா?"

"ஓம். எண்பதுக்கு மேல."

"அவருக்கு இது தெரியுமா?"

"அவர் சொல்லித்தானே நான் எழுதினேன்."

"அப்ப அந்த மனுசன் எவ்வளவு காலமா இத நம்பிக்கிட்டு இருக்கிறார்?"

கணக்குப் பார்த்தேன். கடிதங்கள் அவர் கைக்கு வந்து நாற்பது வருஷம்.

"நாற்பது வருஷமா உம்மாவ வெறுத்துக்கிட்டு. அதுவும் செய்யாத குத்தத்துக்கு" என்று ராத்தா சுளகைக் கீழே வைத்தார். "எடு போன."

முதலில் பதிப்பாளருக்கு, அச்சை நிறுத்தச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். உங்களோடு வேலை செய்வதற்கு ஒட்டகம் மேய்க்கப் போகலாம் என்று பதில் வந்தது. நியாயமான கோபம். ஆனாலும் நிறுத்தினார். சென்னைப் புத்தகக் கண்காட்சியைத் தவறவிட்டுப் புத்தகம் நாலு மாதம் பிந்தி வந்தது, அதை அவர் இன்றுவரை ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. அந்தப் பெருந்தன்மைக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

பிறகு பிரான்ஸுக்கு அழைத்தேன். எங்களுக்கு அஸர் நேரம், அவருக்கு முற்பகல். ராத்தா ஒரு சொல்லும் விளங்காத மொழியைக் கேட்க என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சுகம் விசாரித்துவிட்டுக் கேட்டேன். "ஐயா, அந்த நவம்பரில் உங்கள் அம்மா வந்துவிட்டுப் போனதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

"இல்லை. நான் ஊரில் இல்லையே. அந்த வருஷம் செப்டம்பரில் என்னை விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். பாட்டி இறந்த செய்தி கேட்டுத்தான் வந்தேன்."

அவர் வீட்டில் இருந்து பார்த்ததைத்தான் எனக்குச் சொன்னார் என்று நினைத்திருந்தேன். எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியவள், வாழ்க்கை வரலாறு எழுதப் போன இடத்தில் விசாரிக்க மறந்தேன்.

"அப்படியென்றால் அவர் வந்து போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடிதத்தில் இருக்கிறதே. அம்மா இருமுகிறாள், நாளை காலை நான் போய்விடுவேன் என்று. பாட்டி இருமலில்தான் இறந்தாள். அடக்கம் முடிந்து மறுநாள்தான் என் அம்மா வந்தாள். தந்தி பிந்திக் கிடைத்தது என்றாள். இந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகு அதையும் பொய் என்று வைத்துக்கொண்டேன்."

"ஐயா, அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் உப்பு வழிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். நீங்கள் பின்னறையில் தூங்குவதாகவும் எழுதியிருக்கிறார். அது நவம்பராக இருக்க முடியாது."

மறுமுனையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"இரண்டாம் பக்கத்தை நான் வாசித்ததில்லை" என்றார். "அந்த இரண்டு வரியைப் பார்த்ததும் பென்சிலை எடுத்து மேலே மாதத்தை எழுதித் தகரத்துக்குள் போட்டுவிட்டேன். இருமல் என்றால் அந்த நவம்பர்தான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தொடவில்லை. உங்களிடம் தந்தபோதும் வாசிக்கவில்லை."

வாசிக்கட்டுமா என்று கேட்டேன். வாசியுங்கள் என்றார்.

அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன், ஆனால் அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவைத்துத்தான் வாசித்திருக்கிறேன். அன்றுதான் முதல்முறையாக அவள் பக்கம் நின்று வாசித்தேன். பலகை பிடிக்க மறந்துவிட்டாய் என்று அம்மா ஏசுகிறாள், சந்தோஷமாக ஏசுகிறாள் என்று எழுதியிருந்தாள். இருமலோடு வரப்பில் குந்தியிருந்து எனக்கு வேலை கற்றுத் தருகிறாள். பையன் காலெல்லாம் உப்போடு பின்னறையில் தூங்குகிறான். விடியும் முன்னர் நான் கிளம்ப வேண்டும். அவனை எழுப்பினால் அழுவான், நானும் அழுவேன், அழுதால் போகமாட்டேன். போகாவிட்டால் எங்கள் மூன்று பேருக்கும் தின்னப் பாண் ஏது? தூங்கும்போதே அவன் பாதத்தை ஒருதரம் தொட்டுவிட்டுப் போவேன்.

அவ்வளவுதான் அந்தப் பக்கம்.

பிறகு அவர் சொன்னார்.

"தொட்டாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கோடை முழுக்க நான் வெறுங்காலோடு திரிந்தேன். தொட்டாள். நான் தூங்கவில்லை. சொல்லாமல் போகிறாள் என்ற கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்."

அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்றாம் தரமும் கேட்டார். பிறகு மிகவும் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, இன்று தகரத்தைத் திறந்து தானே வாசிக்கப் போவதாகச் சொல்லி வைத்தார்.

ராத்தாவுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகத் திருத்தமான மொழிபெயர்ப்பு அதுவாகத்தான் இருக்கும். ஒரு சொல்லைக்கூட அழகாக்கவில்லை. ராத்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எழும்பி ஒரு சொல்லுக் கதைச்சிருக்கலாமே அந்தப் புள்ள" என்றார்.

அப்போதுதான் நான் யாருக்கும் சொல்லாத ஒன்று வாயில் வந்துவிட்டது. பிரான்ஸுக்குப் போன அன்று விடியச் சுபஹுக்கு முன்னரே என்னை ஏற்றிப் போக வான் வந்து நின்றது. உம்மா சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். முதல் நாளே சலாம் சொல்லியாயிற்று, எழுப்பினால் அழுவார் என்று எழுப்பாமல் போனேன். போர்வையை மட்டும் இழுத்துப் போர்த்திவிட்டேன். அதுதான் கடைசி. அந்த எழுத்தாளரை அவ்வளவு வெறுத்தேனே, அதற்குள் நான் என்னைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன் ராத்தா என்றேன்.

ராத்தா என்னை வினோதமாகப் பார்த்தார்.

"யாரு, உன்ட உம்மாவா தூங்கினவ?"

"ஓம்."

"தூங்கல்ல புள்ள. அண்டைக்குக் காலையில நான் பாண் வாங்கப் போகக்குள்ள வாசல்ல நிண்டவ. கண்ணெல்லாம் செவப்பு. 'எழும்பினா நான் அழுவேன், நான் அழுதா அவ பயணத்த நிப்பாட்டிருவா, அதால படுத்துக் கிடந்தேன்' எண்டா. 'போர்வைய இழுத்துப் போத்திட்டுப் போறா, பாரு'ண்டு சிரிச்சவ. அண்டு முழுக்க அந்தப் போர்வையக் கழுவக் குடுக்கல்ல."

"ஏன் ராத்தா இவ்வளவு நாளா சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே" என்றார்.

அடுத்தவருடைய தாயைப் பற்றி விசாரிக்கக் கடல் கடந்து போனவள் நான். என் தாயின் கடைசிக் காலையைப் பற்றி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகை முந்திக்கொண்டது. ராத்தா என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். பிறகு, உம்மா அன்று காலையில் வேறு என்னென்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன்.